கள்ள நரம்பு

கானாடுகாத்தான்
தை மாதம்

அன்புள்ள சொக்கு,

பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், தப்புதான். ஆத்தாவுக்கு முட்டிவலி தேவலை, நேற்று ஊரணி வரை நடந்தே போய் வந்தார்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் அவரைப் பந்தல் உனக்கு ஞாபகம் இருக்குமே, அதில் அசுவினிப் பூச்சி விழுந்துவிட்டது. கொழுந்தெல்லாம் மை அப்பியதுபோல் கறுப்பு, எறும்புச் சாரை வேறு. பந்தலைச் சுற்றி ஒரு சின்னப் பூச்சி. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சடாரென்று விலகும். தோட்டக்காரர் "குளவி, கொட்டும்" என்றார், மருந்து அடிக்கத் தெளிப்பானையும் கழுவி வைத்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கைபேசியில் முப்பது படம் எடுத்தேன், அத்தனையும் முதுகு. குளவி வேஷம் போடுகிற பூச்சி அந்த வேஷத்தை முதுகில்தானே போட்டிருக்கும்! மறுநாள் பனி விலகாத நேரத்தில், அது மந்தமாக உட்கார்ந்திருந்தபோது கண்ணாடி தம்ளரால் மூடி, அடியில் வெள்ளைத்தாளைச் செருகி, முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பக்கவாட்டில் எடுத்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டே இறக்கை. குளவிக்கு நான்கு இருக்கும். பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் கடுகு செருகிய குச்சி மாதிரி குட்டியாக ஒன்று. உணர்கொம்பும் கட்டை. அப்போ ஈதான், கொட்டவே கொட்டாது. அப்புறம் இறக்கையைப் பார், நாலாவது படம். நடுவில் ஒரு நரம்பு, எங்கிருந்தும் கிளம்பாமல் எதிலும் போய்ச் சேராமல் மடிப்பு விழுந்ததுபோல் ஓடுகிறது. அந்தக் கள்ள நரம்புதான் சிர்பிட் ஈயின் அடையாளம். உலகத்தில் ஏறக்குறைய 6000 வகை உள்ள குடும்பம், மிகச் சிலதைத் தவிர எல்லாவற்றுக்கும் அது உண்டு. கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கின்றன, அதனால் இது ஆண்.

தம்ளரைத் தூக்கியதும் பறந்துவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை. அசுவினிக் கூட்டத்துக்குள் ஒரு பச்சைப் புழு கிடந்தது. காலும் இல்லை, தலையும் தெரியவில்லை. இலைதின்னிப் புழு என்று நசுக்கத்தான் போனேன். அதற்குள் அது கூரான முன்பக்கத்தால் துழாவி, ஒரு அசுவினியைக் கவ்வி அப்படியே மேலே தூக்கியது. உறிஞ்ச உறிஞ்ச அசுவினி சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் வெறும் தோல். அதை உதறிவிட்டு அடுத்ததைத் தேடியது. கொழுந்தோடு கிள்ளி ஒரு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். தண்ணீர்ச் சொட்டு மாதிரி கூட்டுப்புழுவானது. போன வெள்ளிக்கிழமை அதிலிருந்து வெளியே வந்தது இதே மஞ்சள் பட்டை ஈ!

போன வருஷம் இதே பந்தலில் நானே மருந்து அடித்தேன், சொக்கு. எத்தனை புழு செத்ததோ, நினைத்தால் வயிறு பிசைகிறது. தெளிப்பானைப் பரணில் போட்டாயிற்று. தோட்டக்காரரிடம் பாட்டிலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மறுநாள் பந்தலடியில் கொத்தமல்லி விதைத்தார். அந்தப் பூவுக்கு ஈ வரும்.

இது சிர்பிட் ஈக்களில் இஸ்கியோடான் என்ற பேரினம் என்று எனக்குப் படுகிறது. ஆறாவது, ஏழாவது படத்தில் வயிற்றுப் பட்டை தெளிவாக இருக்கிறது. பூச்சியியல் படித்தவன் நீ, பட்டைகள் நடுவில் சேர்கின்றனவா பிரிந்து நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல். முகம் போதவில்லை என்றால் எழுது, நாளைக் காலையிலேயே எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
முத்து