புறக்கோட்டையைக் கொச்சிக்கடையில் இருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளின் கொழும்புச் சுற்றுலா தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, காலிமுகத்திடலோடு முடிந்துவிடுகிறது. கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்குப் போனாலும் உடுப்பு வாங்கத்தான். சைவக் கோயில், கத்தோலிக்க ஆலயம், ஒல்லாந்தர் தேவாலயம், பள்ளிவாசல், பார்சிக் குடும்பம் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாமே அங்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நடைக்குள் இருக்கின்றன. அரை நாள் போதும்.

பலரும் கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்குகிறார்கள். கடைகளைத் தாண்டி, சைவக் கோயில் இருக்கும் மறுமுனையான கொச்சிக்கடைக்குப் போய்ச் சேர, மத்தியானப் பூசை முடிந்து கோயில் நடை சாத்தியிருக்கும். மற்றப் பக்கமாக வர வேண்டும். இரவு பஸ்ஸில் வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, காலை 7.30 மணிபோல் பொன்னம்பலவாணேஸ்வரத்தில் இறக்குங்கள். சேர். பொன். இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த கோயில். தூண்களைப் பார்க்கவே அரை மணித்தியாலம் வேண்டும். கிட்டத்தான் புனித அந்தோனியார் திருத்தலம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பைகளைச் சோதிக்கிறார்கள். பெரிய பைகள் பஸ்ஸிலேயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை கூட்டம் நெரியும், அந்த நாளைத் தவிருங்கள்.

மேட்டில் ஏறினால் 1757இல் திறக்கப்பட்ட வூல்பெண்டால் தேவாலயம். பூட்டியிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தரையில் பதித்த ஒல்லாந்தர் கல்லறைக் கற்களை அவசரமில்லாமல் பார்க்க விடுங்கள். பிறகு செட்டியார் தெருவில், நகைக்கடைகளுக்கு நடுவே, ஆடிவேல் திருவிழாத் தேர் புறப்படும் கதிரேசன் கோயில்கள்.

குறுக்குத் தெருக்களில்தான் கவனம் தேவை. மூட்டை ஏற்றிய கைவண்டியை நாட்டாமைமாரால் (சுமைத் தொழிலாளரால்) சட்டென்று நிறுத்த முடியாது; பிள்ளைகள்தான் ஒதுங்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு குழு, முன்னும் பின்னும் ஆசிரியர், ஒற்றை வரிசை. நடந்தபடி படம் எடுக்க விடக்கூடாது.

இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்பு வெள்ளைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், இந்திய முஸ்லிம் வணிகர்கள் முயற்சியில் 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிவாசலுக்குள் காலெடுத்து வைப்பது அதுவே முதற்தடவையாக இருக்கும். இதற்காகவாவது இந்த நடை வேண்டும் என்பேன். தொழுகை நேரத்திலும் வெள்ளி மத்தியானத்திலும் போகக்கூடாது. அரைக்காற்சட்டைச் சீருடை சரிவராது. நீளக் காற்சட்டையும், பெண் பிள்ளைகளுக்குத் தலையை மூடச் சால்வையும் கொண்டுபோக வேண்டும்.

1923இல் எழுந்த கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தலை எண்ணுங்கள். பஸ்ஸைக் கோட்டை ரயில் நிலையப் பக்கம் வரச் சொல்லலாம். பிரதான வீதிக்குள் அதைக் கொண்டுவந்தால் அசையாது. போயா எனும் பௌர்ணமி விடுமுறையிலும் ஞாயிறிலும் பெரும்பாலான கடைகள் பூட்டு.

சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கும் வலயக் கல்விப் பணிமனைகள், உடுப்பு வாங்கும் நேரத்தை இந்த நடைக்குப் பிறகு ஒரு மணித்தியாலமாக மட்டுப்படுத்த வேண்டும். முதலில் கடைக்குள் விட்டால் பிள்ளைகளை வெளியே எடுக்க முடியாது.

ஓர் ஆசிரியர்,
மாங்குளம்.