கற்பனைக் கோள் படத்துக்குக் கீழே ‘ஓவியம்’ என்று போடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே பெரிய வண்ணப்படம் ஒன்றும் வருகிறது. நீலக்கடல், செக்கச்சிவந்த வானம், மேலே இரண்டு மூன்று நிலாக்கள். கீழே ‘நாசா வெளியிட்ட படம்’ என்று இருக்கும். வெளியிட்டது நாசாதான், ஆனால் அது கேமராவில் எடுத்தது இல்லை, ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து வரைந்தது. அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் என்ன?

நான் ஃபிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் எல்லாம் முடிந்தபிறகு இரவில் என் ஆசைக்கு இல்லாத கோள்களையும் நிலாக்களையும் வரைந்துகொண்டிருப்பேன். அதனால்தான் இது கண்ணை உறுத்துகிறது.

2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றி, கிட்டத்தட்ட பூமி அளவில் 7 கோள்கள் இருப்பதாக அறிவித்தார்கள். தூரம் சுமார் 40 ஒளியாண்டு. தொலைநோக்கிக்குத் தெரிந்ததெல்லாம், கோள் குறுக்கே போகும்போது அந்த விண்மீனின் வெளிச்சம் ஒரு சதவீதம்கூட இல்லாத அளவுக்கு மங்கியதுதான். அதை வைத்து கோள் எவ்வளவு பெரிது, எத்தனை நாளில் சுற்றுகிறது என்று கணக்குப் போடலாம். கடல் இருக்கிறதா, வானம் என்ன நிறம் என்றெல்லாம் அதில் தெரியாது. உலகமே பார்த்த அந்த அழகான படங்களை வரைந்தவர்கள் ராபர்ட் ஹர்ட், டிம் பைல் என்ற இரண்டு கலைஞர்கள், விஞ்ஞானிகளிடம் கேட்டுக் கேட்டு வரைந்தார்கள். நாசாவின் குறிப்பிலேயே ‘ஓவியரின் கற்பனை’ என்று இருக்கும், நம்மூருக்கு வந்து சேர்வதற்குள் அந்த வரி மட்டும் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. வேறு விண்மீன்களின் கோள்களில் நேராகப் படம் எடுத்தவையும் உண்டு, உதாரணத்துக்கு ஹெச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றுபவை. அந்தப் படங்களில் ஒவ்வொரு கோளும் வெறும் புள்ளிதான்.

இது கற்பனையைக் குறை சொல்வது இல்லை. உழைப்பு தெரியாமல் போகிறதே என்ற ஆதங்கம். துருப்பிடித்த தகரத்தையோ பாறையையோ போட்டோ எடுத்து, ஃபோட்டோஷாப்பில் ஸ்பியரைஸ் கொடுத்து உருண்டையாக்கினால் கோளின் தரை தயார். அது பத்து நிமிஷ வேலை. அப்புறம்தான் இருக்கிறது பாடு. தனி லேயரில் நிழலைப் போட்டு, பகலும் இரவும் சேரும் விளிம்பை பிளர் செய்ய வேண்டும். காற்று மண்டலத்தின் மெல்லிய ஒளி வெளிச்சம் படும் பக்கம் மட்டும் வர வேண்டும், வட்டம் முழுக்கப் போட்டால் டியூப்லைட் மாதிரி ஆகிவிடும். பிறைநிலாவின் இருண்ட பகுதிக்குள்ளே நட்சத்திரம் தெரியக் கூடாது, அங்கே இருப்பது ஓட்டை அல்ல, பாறை. இன்றைக்கும் எத்தனையோ படங்களில், ஏஐ போட்டுக் கொடுப்பதிலும்தான், அந்த நட்சத்திரம் கூசாமல் மின்னிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, அடிவானத்தில் சூரியன் மறைகிறது, அதற்குப் பக்கத்திலேயே முழுநிலா நிற்கிறது என்று வரைகிறார்கள். சித்திரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போனவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; சூரியன் ஒரு பக்கம் இறங்க, நிலா நேர் எதிர்ப்பக்கம்தான் எழும். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலா மெல்லிய கீற்றாகத்தான் தெரியும், எந்த விண்மீனைச் சுற்றினாலும் அப்படித்தான்.

சனிக்கோளின் நிலாவான டைட்டனில் நின்று பார்ப்பதாக வரைபவர்கள் வளையத்தை அகலமாக விரித்துவிடுவார்கள். டைட்டன் சுற்றுவது ஏறக்குறைய வளையத்தின் தளத்திலேயே, ஆகவே அங்கிருந்து பார்த்தால் வளையம் ஒரு கோடாகத்தான் தெரியும். அகன்ற வளையம் வேண்டும் என்றால் சனியின் இன்னொரு நிலாவான ஐயாபெட்டஸுக்குப் போகலாம், அதன் பாதை அந்தத் தளத்திலிருந்து கிட்டத்தட்ட 15 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்தக் கலைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் செஸ்லி போன்ஸ்டெல் 1944-லேயே டைட்டனிலிருந்து தெரியும் சனியை வரைந்து லைஃப் பத்திரிகையில் வெளியிட்டார். பனி மூடிய மலைகளுக்கு மேலே தெளிந்த நீலவானம். 2005-இல் ஹைகன்ஸ் என்ற ஆளில்லா விண்கலம் அங்கே இறங்கியபோது தெரிந்தது ஆரஞ்சு நிறப் புகைமூட்டம், அதற்குள்ளிருந்து கண்ணால் சனியைப் பார்க்கவே முடியாது. அதனால் அந்த ஓவியத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்தவர்களுக்கு அது ஓவியம் என்று தெரியும், அவ்வளவுதான்.

இன்று நம் வாசகருக்கு அது தெரிவதில்லை. ஒன்பதாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் நம் பேப்பரைக் காட்டி, “அங்கே போய் யாருண்ணா போட்டோ எடுத்தாங்க?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஆகவே, படத்தின் கீழே ‘ஓவியம்’ என்றும், தெரிந்தால் வரைந்தவர் பெயரும் சேர்த்துப் போடுங்கள். மாணவர் இணைப்பில் இடம் இருந்தால், பிள்ளைகளையே ஆளுக்கொரு கற்பனைக் கோள் வரைந்து அனுப்பச் சொல்லலாம். முப்பரிமாணப் படம் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், நிலாவின் தரைப் படங்களை நாசாவும் இலவசமாகவே தருகிறது, கணினி இல்லாதவர்கள் கிரேயானில் வரையட்டும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி மட்டும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.