கவனித்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் நன்றி

வணக்கம். இந்த நன்றியைப் பெயர் சொல்லி எழுத முடியாத நிலை. ஆள்கடத்தல் வழக்கு நடக்கிறது, கட்டாய உழைப்பிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு இன்னும் மிரட்டல் போன் வருகிறது, அதனால் எந்த இடம், என்ன வேலை, எத்தனை பேர் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. படிக்கும்போது "இது நம்மளைத்தான் சொல்றாங்களோ" என்று தோன்றினால், ஆமாம், உங்களைத்தான்.

முதலில் நர்ஸ் அக்காவுக்கு. கையில் ஆழமான காயத்தோடு ஒருவர் வருகிறார், கூட வந்த ஆள் பெயர், வயது, எப்படி அடிபட்டது என்று எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்கிறார், காயம்பட்டவர் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சந்தேகத்தை முகத்தில் காட்டவில்லை. "எக்ஸ்ரே ரூமுக்குள்ள துணைக்கு யாரும் வரக்கூடாது" என்று வழக்கமான விதியைச் சொல்வதுபோல் சொல்லி அவரைத் தனியாக அழைத்துப் போனீர்கள். உள்ளே போய் "உங்களைக் கடத்திட்டு வந்தாங்களா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தங்களை அப்படி நினைப்பதே இல்லை, கடனை அடைக்க வேலை செய்கிறோம் என்றுதான் நினைக்கிறார்கள். நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்விகள். உங்க அடையாள அட்டை யார்கிட்ட இருக்கு? சம்பளம் உங்க கைக்கு வருதா? வேலை வேண்டாம்னு கிளம்பினா விடுவாங்களா? மொழி புரியாதபோது வாசலில் நின்ற ஆளைக் கூப்பிடாமல் போனில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தீர்களே, அதுதான் எல்லாவற்றையும் திருப்பியது. அவர் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே மருத்துவக் குறிப்பில் எழுதியும் வைத்தீர்கள். வழக்கறிஞர் இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்.

அடையாள அட்டை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "தொலைச்சிடுவாங்கன்னு நான்தான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று முதலாளி சொன்னால் நாம் தலையாட்டிவிடுகிறோம். வீட்டு வேலை செய்பவர்களுக்கான 2011-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை, பயண ஆவணமும் அடையாள ஆவணமும் வேலை செய்பவர் கையிலேயே இருக்க அவருக்கு உரிமை உண்டு என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. எந்த வேலைக்கும் இதுதானே நியாயம்?

அடுத்து, எதிர்வீட்டு அம்மா. விடியும் முன் வரும் வேன், இரவில் திரும்பி வரும் அதே முகங்கள், தனியாக ஒருவரும் வெளியே வராதது, வெளிப்பக்கம் போட்ட பூட்டு, எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி உதவி எண்ணுக்குச் சொன்னீர்கள். அதைவிடப் பெரிய நன்றி நீங்கள் செய்யாத ஒன்றுக்கு: போட்டோ எடுத்து குரூப்பில் போடவில்லை. நம்மில் சிலர் துடித்தார்கள், "எல்லாருக்கும் அனுப்புங்க, வைரல் ஆகட்டும்" என்று. அந்த வீட்டை நடத்தியவரிடமும் போன் இருக்கிறது, ஒரு ராத்திரியில் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வதந்தி பரவி, வழிப்போக்கர்களை அடித்தே கொன்ற கொடுமையும் நடந்திருக்கிறது. அந்த அவசரத்துக்கெல்லாம் இடம் கொடுக்காமல் இருந்தீர்கள்.

எங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்த தோழருக்கும் நன்றி. கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அறிகுறிகளை நீங்கள் விளக்கியபோது பாதிப் பேர் கொட்டாவி விட்டோம், உண்மைதான். ஆனால் ஆவணத்தைப் பிடித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனால் கட்டிப்போடுவது, வெளியே போகவிடாமல் தடுப்பது, மிரட்டுவது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, சில நேரம் ஒரே அறிகுறி போதும், பல நேரம் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றீர்கள். அது மனதில் நின்றது. கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் முகமூடி போட்ட அந்நியர் இல்லை, சொந்தக்காரரோ, காதலிப்பதாகச் சொன்னவரோ, கூடப் படித்தவரோ என்பதும் அங்கேதான் பலருக்குப் புரிந்தது.

அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து "அவங்களே சம்மதிச்சுத்தானே போனாங்க" என்றார். எல்லா ஊரிலும் கேட்கும் வாக்கியம்தான். ஆள்கடத்தலுக்கு எதிரான 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதம் செல்லாது. 18 வயதுக்குக் கீழ் என்றால், சுரண்டுவதற்காக ஆளைச் சேர்த்தாலே கடத்தல்தான், ஏமாற்றியதாகக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. எல்லை தாண்டவேண்டும் என்பதும் இல்லை, பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போனாலும் கடத்தல்தான். கேட்டவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர்தான் பிறகு காப்பகத்துக்குத் தன் வண்டியைக் கொடுத்தார். அண்ணே, உங்களுக்கும் நன்றி.

தனித்தனி அறையில், ஒவ்வொருவராக, அவசரப்படுத்தாமல் விசாரித்த காவல்துறை அதிகாரிக்கு நன்றி. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டிருந்தால், நடுவில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்குப் பயந்து யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். தொழிலாளர் ஆய்வாளர் நிலுவைக் கூலியைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார், கூடவே தரகர் வாங்கிய 'வேலை வாங்கித் தரும் கட்டணம்' எப்படி வட்டியோடு அடையாத கடனானது என்பதையும். தொழிலாளியிடம் அப்படிக் கட்டணம் வாங்குவதே பொதுவாகக் கூடாது என்று 1997-லேயே சர்வதேச உடன்படிக்கை வந்துவிட்டது. யார் மதிக்கிறார்கள்?

வழக்கறிஞர் அக்காவுக்குத் தனி நன்றி, அந்தப் பையனுக்காக. அவனைக் கட்டாயப்படுத்தி செய்யவைத்த குற்றத்துக்கு அவன்மேலேயே வழக்குப் போடப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்கள்மேல் வழக்குத் தொடராமல் இருக்க அதிகாரிகளுக்கு உரிமை இருக்கவேண்டும் என்கிற, கட்டாய உழைப்பு பற்றிய 2014-ஆம் ஆண்டு சர்வதேச நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் வாதாடியதை நாங்கள் மறக்கமாட்டோம்.

மீட்ட அன்று கூட்டமாக வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

மீட்பு ஒரு நாளில் முடிந்துவிடுகிறது, அப்புறம்தான் வேலை. காப்பகத்து ஊழியர்களே, தூங்காத ராத்திரிகளில் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தீர்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று ஒருநாளும் நோண்டவில்லை. ஒருவர் அதே தரகரிடம் திரும்பிப் போனபோது, வெளியே இருந்த எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இது நடக்கிறதுதான், கடனும் பயமும் அப்படி இழுக்கும் என்று நீங்கள்தான் புரியவைத்தீர்கள். அவர் மறுபடி வந்து நின்றபோது திட்டாமல் உள்ளே கூப்பிட்டு, அதே படுக்கையைக் கொடுத்தீர்கள்.

2021-ல் உலகம் முழுக்க 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. இதில் சுரண்டுபவர்கள் ஆண்டுக்கு 23,600 கோடி டாலர் சம்பாதிக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2024-ல் கணக்கிட்டது. இந்த எண்களைப் படித்துவிட்டு நாம் என்ன செய்துவிட முடியும் என்று நானும் சலித்துக்கொண்டவள்தான். நீங்கள் செய்தது என்ன என்பதை மேலே எழுதிவிட்டேன்.

கடைசியாக, வெளியே வந்தவர்களுக்கு. சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டவர்களுக்கு நன்றி, சொல்ல மாட்டேன் என்றவர்களுக்கும் அதே மரியாதை.

வழக்கு முடிய நாளாகும். விசாரணை நாட்களில் கூடப் போக ஆள் வேண்டும், மொழிபெயர்க்க இன்னும் இரண்டு பேர் இருந்தால் நல்லது. வர முடிந்தவர்கள் காப்பகப் பொறுப்பாளரிடமே நேரடியாகப் பேசிவிடுங்கள். என்னிடம் சொன்னால் விவரம் இன்னொரு கை மாறும், அது வேண்டாம்.