லாரியில் ஏற்றும் முன் ஒரு வாரம் தாருங்கள்

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏழு சைக்கிள்களில் நகர மன்றத்தின் அகற்றல் சீட்டு தொங்கியது. யாரும் உரிமை கோரவில்லை. லாரி வந்து அள்ளிப் போய்விட்டது. நடைபாதையை அடைத்து நிற்பவற்றை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவற்றில் ஒன்று பழைய இரும்புப் பந்தய சைக்கிள். ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார், கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல். அது போனதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த இனத்தில் ஒன்றைத்தான் நானும் ஓட்டுகிறேன். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் வீடு மாறும்போது, “வேணும்னா எடுத்துக்கோ, இல்லேன்னா குப்பைக்குத்தான்” என்று விட்டுப் போனது. அழுக்கைத் துடைத்தால் பாதி உரிந்த ‘ரெனால்ட்ஸ் 531’ ஸ்டிக்கர். இங்கிலாந்தில் 1935இல் வந்த மாங்கனீசு மாலிப்டினம் எஃகுக் குழாய் அது.

முதல் வில்லங்கம் சீட் போஸ்ட், அதாவது இருக்கையைத் தாங்கும் தண்டு. அலுமினியத் தண்டு எஃகுக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் நின்றால், வியர்வை உப்பும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து இரண்டையும் பூட்டிவிடும். நான்கு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கியதில் ‘க்ரீச்’சென்று அசைந்தது. அப்புறம் பெடல் கைகள் இரண்டையும் இணைக்கும் நடு அச்சு. ஆங்கிலேய வண்டிகளில் செயின் பக்கத்து மூடிக்கு இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. கப்பல் பட்டறையில் 34 ஆண்டு ஃபிட்டராக இருந்தவன் நான். அப்படியிருந்தும் அரை மணி நேரம் வழக்கம்போல் இடப்பக்கம் திருகி மூடியை இன்னும் இறுக்கினேன். மகன் சிரித்ததை இங்கே எழுதவில்லை.

டயரிலும் ஏமாந்தேன். வண்டியில் இருந்தது 27 அங்குல டயருக்கான ரிம், டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் விட்டம் 630 மில்லிமீட்டர். நான் அளக்காமல் வாங்கியது இன்று எங்கும் கிடைக்கும் 700 டயர், அதற்கு அந்த விட்டம் 622. எட்டு மில்லிமீட்டர்தானே என்று நெம்பிப் பார்த்தேன். விரல் நகம்தான் போனது. சுங்கை ரோடு சந்தை இருந்த காலத்தில் இந்த மாதிரிப் பழைய சாமான்களைத் தரையில் குந்தித் தேடலாம். அதுவும் 2017 ஜூலையில் மூடியாகிவிட்டது.

டயர், கேபிள், பிரேக் கட்டை, பால்ரஸ், செயின் எல்லாம் சேர்த்துச் செலவு 140 வெள்ளி. இப்போது விடியற்காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியே சாங்கி வரை போய்வருகிறேன். அந்தப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் வரம்பு. எனக்கும் வண்டிக்கும் அது தாராளம்.

நகர மன்றங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். கெடு முடிந்தும் யாரும் கேட்காத இரும்பு சைக்கிள்களைத் தனியாக ஒரு வாரம் வையுங்கள். சரிசெய்து ஓட்ட விரும்புவோர் பெயர் கொடுத்து எடுத்துப் போகட்டும். குழாயைத் துரு தின்றிருந்தால், மூட்டில் விரிசல் இருந்தால், சரி, லாரிக்கே போகட்டும். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் நான் வருகிறேன், ஸ்பேனரோடு. இடது மரை எந்தப் பக்கம் என்பது இப்போது மறக்காது.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
பிடோக்