‘நீங்க’ போய் ‘நீ’ வரும் வரை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாவல் முடிந்துவிட்டது. கடைசி மெய்ப்பையும் பார்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நான்கு வருட வேலை. ஒரு வீட்டின் மகனுக்கும், அந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்த இளைஞனுக்கும் இடையில் மெல்ல மெல்லக் கனியும் காதல்தான் கதை. 31 அத்தியாயங்களில் 19ஆவதில்தான் ஒருவர் கை இன்னொருவர் மேல் படுகிறது. அதுவரை பொறுமையாகப் படித்து, திருத்தி, என்னோடு சண்டையும் போட்டவர்களுக்கு இந்த மடல். உங்களில் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் வசதியான வீட்டில் வளர்ந்தவன். ஆண்களை நேசிப்பவன். அதனால் மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் பையனின் பயம் எனக்குப் பழக்கமானது. ஏணியில் நின்று வேலை பார்ப்பவனின் பயம் எனக்குத் தெரியாது. தெரியும் என்று நம்பிக்கொண்டுதான் முதல் வரைவை எழுதினேன். கதையின் அந்தப் பாதியை நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

கட்டட வேலைக்குப் போய்க்கொண்டே கல்லூரி படித்த நண்பா, உன்னிடமிருந்து தொடங்குகிறேன். நான்காம் அத்தியாயத்திலேயே என் வயர்மேன் வீட்டுக்காரப் பையனை ‘நீ’ என்று பேசிக்கொண்டிருந்தான். நெருக்கத்தைக் காட்ட எனக்கு வேறு வழி தோன்றவில்லை. நீ அந்தப் பக்கத்தை மடித்து என் முன்னால் வைத்தாய். “இவன் இவ்வளவு சீக்கிரம் நீ-ன்னு சொல்லமாட்டான்டா. அந்தப் பையன் கோவிச்சுக்கமாட்டான், சரி. பக்கத்துல நிக்கிற அவங்க அப்பா? மேஸ்திரி? நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்லிட்டா இவன் என்ன பண்ணுவான்?” என்று கேட்டாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே ஆசை. ஆனால் ஒரு வார்த்தை தவறினால் ஒருவனுக்கு வெட்கத்தோடு போய்விடும். இன்னொருவனுக்குப் பிழைப்பே போய்விடும். காதலை நான் மெதுவாக நகர்த்தியது அழகுக்காக. அவன் மெதுவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது என்பதை நீ சொல்லித்தான் பார்த்தேன்.

அப்புறம் நீ சொன்ன இன்னொன்று. “வசதியுள்ளவன் வயர்மேனை நீ-ன்னு கூப்பிடுறது ஒண்ணும் பெரிசில்ல. அவனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. முதல்ல அந்தப் பையன் அவனை நீங்க-ன்னு சொல்லட்டும்.” எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். வீட்டுக்காரப் பையன் ‘நீ’யை விட்டு ‘நீங்க’வுக்கு வருகிறான். அதற்கே எட்டு அத்தியாயங்கள் ஆகின்றன. மற்றவன் ‘சார்’ என்பதை விடுகிறான். கொஞ்ச காலம் இருவரும் ஒருவரையொருவர் ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொள்கிறார்கள். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அதற்குப் பிறகு ஒருநாள் வாயில் வரும் ‘நீ’ யாருடைய அதிகாரமும் ஒட்டாத ‘நீ’.

நூலகத்தில் எனக்காகப் புத்தகங்களைத் தேடி எடுத்துவைத்த அக்காவுக்கு நன்றி. ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பென்டரையும் அவருடைய காதலர் ஜார்ஜ் மெரிலையும் நீங்கள்தான் அறிமுகப்படுத்தினீர்கள். கார்ப்பென்டர் 1844இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்துப் பாடம் நடத்தியவர். மெரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துச் சேரிப் பகுதியில் வளர்ந்த தொழிலாளி. நம் மொழிக்காரர் ஒருவரும் இந்தக் கதையின் ஓரத்தில் நிற்கிறார் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. கேம்பிரிட்ஜ் நாள்களிலேயே கார்ப்பென்டருக்கு நண்பரான பொன்னம்பலம் அருணாசலம்தான் 1890இல் அவரை இலங்கைக்கு வரவழைத்து, இராமசுவாமி என்ற தமிழ் ஞானியிடம் அழைத்துப்போனார். அந்தப் பயணம் முடிந்து திரும்பிய பிறகு, 1891இல், ரயிலில்தான் கார்ப்பென்டர் மெரிலைப் பார்க்கிறார். இருவரும் மில்தார்ப் கிராமத்து வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கியதோ 1898இல். நடுவில் ஏழு வருடங்கள்.

அந்த ஏழு வருடங்களுக்குள்தான், ஆண்களோடு உறவு வைத்திருந்ததற்காக எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் மீது நடந்த வழக்கு வருகிறது. 1895இல் அவருக்கு இரண்டு வருடக் கடுங்காவல். அதையொட்டிய விசாரணைகளில், குதிரைக்காரனாகவும் வேலையாளாகவும் இருந்த இளைஞர்களோடு உங்களுக்கு என்ன பழக்கம் என்று அவரைத் துருவிக் கேட்டிருக்கிறார்கள். வர்க்கம் தாண்டிப் பழகியதே சந்தேகத்துக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட காலத்தில், நண்பர்கள் வேண்டாம் என்று தடுத்தும், கார்ப்பென்டர் மெரிலை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மெரில் 1928இல் இறக்கும் வரை முப்பது வருடம் சேர்ந்தே இருந்தார்கள். என் கதை ரொம்ப மெதுவாகப் போகிறதோ என்று நான் பயந்த ஒவ்வொரு தடவையும் அந்த ஏழு வருடங்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாலைகள் எனக்காக ஒதுக்கிய அந்த இருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் சேர்ந்து வாழ ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. என் முதல் வரைவில் வசதியுள்ளவன் மற்றவனுடைய தங்கையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வான். காதலின் உச்சம் என்று நினைத்து அதை எழுதியிருந்தேன். உங்களில் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: “கொடுக்கிறது சுலபம் தம்பி. வாங்கிக்கிட்டவன் அதுக்கப்புறம் சண்டை போட முடியுமா?” பிறகு அவர் எழுந்துபோய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். ஆரம்ப நாள்களில் தனக்காக மற்றவர் செய்த செலவையெல்லாம் தேதி போட்டு எழுதி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்த கணக்கு. மற்றவர் அதைப் பார்த்துவிட்டு “இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்காக ஒரு மாதம் பேச்சு இல்லை. “நான் கேட்டது தப்புன்னு புரியவே எனக்கு வருஷக்கணக்கா ஆச்சு” என்று அவரும் பக்கத்திலிருந்து சொன்னார். தங்கை அத்தியாயத்தை அன்றே எடுத்துவிட்டேன். உங்கள் அனுமதியோடு அந்த நோட்டு நாவலுக்குள் வந்திருக்கிறது.

கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒரு பதிப்பாளர், முடிவில் ஒருவனைச் சாகடித்துவிடுங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும் என்றார். மறுத்தேன். மறுத்துவிட்டு ஒரு வாரம் கலங்கிப்போய் இருந்தேன். அப்போதும் நூலக அக்காதான் தாங்கினார். மில்தார்ப் வீட்டுக்குப் போய்வந்த ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர், அந்த இருவரைப் பார்த்த உந்துதலில் 1913இல் இப்படி ஒரு நாவலைத் தொடங்கினார்; இரண்டு ஆண்கள் பிரியாமல் வாழ்வதாக முடித்தார். அவர் 1970இல் இறந்து, அடுத்த வருடம்தான் அது புத்தகமானது. “அவரு ரெண்டு பேரையும் பிரிக்கல, காத்திருந்தாரு” என்றார் அக்கா. எனக்கு அவ்வளவு காத்திருக்க நேரவில்லை. இப்போதைய பதிப்பாசிரியர் முடிவில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. அவருக்கு என் வணக்கம். சந்திப் பிழைகளைப் பொறுமையாகத் திருத்திய மெய்ப்பாளருக்கும், அட்டையில் முகமே இல்லாமல் ஓர் ஏணியை மட்டும் வரைந்துகொடுத்த ஓவியருக்கும் அன்பு.

கடைசியாக, வயர்மேன் அண்ணே. வேலை நுணுக்கம் கேட்டு வந்தவனை மூன்று நாள் கூடவே நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். மெயினை அணைத்தால் மட்டும் போதாது, யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள் என்று ஃபியூஸ் கம்பி மாட்டியிருக்கும் கழற்றக்கூடிய துண்டான ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். “இதை வேற யார் கையிலயும் குடுக்கமாட்டோம். உசுரு இது” என்றீர்கள். என் 19ஆவது அத்தியாயம் அந்த நிமிடமே கிடைத்துவிட்டது. அவன் ஏணியில் ஏறப்போகிறவன், நின்று, ஃபியூஸ் கேரியரைப் பையிலிருந்து எடுத்து மற்றவனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுகிறான். “இது உன் கையில இருக்கட்டும்” என்கிறான். அதுதான் முதல் ‘நீ’.

நான் கிளம்பும்போது நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: “கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்களா தம்பி?” அப்போது முடிவு எனக்கே உறுதியாகவில்லை, பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். முதல் பிரதியை உங்களுக்குத்தான் எடுத்துவைத்திருக்கிறேன்.

இருக்கிறார்கள், அண்ணே.