பெரியம்மா என்று கூப்பிடுங்கள், ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளையை விட இடமில்லாமல் படும் பாட்டைப் பற்றிச் சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் போகிற போக்கில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்கூட இப்போது கறாராகப் பேசுகிறார்கள் என்று ஒரு வரி. அந்தக் கறார் ஆசாமிகளில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கடிதம்.

மேடவாக்கத்தில் எட்டு வருடமாக என் வீட்டு ஹாலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது ஆறு பேர், சின்னவனுக்கு ஒன்பது மாதம், பெரியவளுக்கு நாலு வயது. கூடமாட ஒத்தாசைக்கு ஒரு அம்மா வருகிறார். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை, மாதம் 6,000 ரூபாய். டயப்பரும் பால் பவுடரும் அவர்களுடையது, மதியம் குழைந்த பருப்பு சாதமும் ரசமும் ஒரு காயும் என்னுடையது.

பிள்ளைகள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். பெற்றோர் சொல்லிக்கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரியம்மா வீட்டில் விட்ட பிள்ளையைக் கூப்பிட வரும்போது யாராவது மணி பார்ப்பார்களா? பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால், "அக்கா, பத்து நாள் காசைக் கழிச்சிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போன பத்து நாளுக்கு வீட்டு ஓனரிடம் வாடகையைக் கழிக்கச் சொல்வார்களா என்று தெரியவில்லை. எனக்கு மட்டும், "நமக்குள்ள என்னக்கா கணக்கு". கணக்கு இல்லை என்று சொல்பவர்கள்தான் கழிக்கவும் சொல்கிறார்கள், அதைக் கவனியுங்கள்.

நேர விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, கேப் சிக்னல்ல நிக்குது, பத்தே நிமிஷம்." ஓ.எம்.ஆர். சாலையில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது, சோழிங்கநல்லூரிலிருந்து இங்கே வருவது என்ன பாடு என்று எனக்கும் தெரியும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. வாரத்தில் மூன்று நாள் அந்தப் பத்து நிமிஷம் ஏழே கால் வரைக்கும் நீள்கிறது. என் மாமனாருக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொண்டு ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். அவர் ஒரு பக்கம் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவரைக்கூட விடுங்கள். மூன்று வயதுப் பெண் ஒருத்தி, மற்ற பிள்ளைகள் எல்லாம் கிளம்பியதும் தானே செருப்பை மாட்டிக்கொள்வாள், இடது வலது மாறித்தான் இருக்கும். பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள், வண்டி தாண்டிப் போனதும் உட்காருவாள். திரும்ப ஒரு வண்டி, திரும்ப எழுவாள். ஏழு மணிக்கு மேல் எந்த வண்டி வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அவளுடைய அம்மாவுக்கு இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எத்தனையோ நாள் யோசித்து, சொல்லாமலே விட்டிருக்கிறேன். அந்தத் தாயும் பாவம்தான், ஓடி வந்துதான் நிற்கிறாள்.

போன வருடம் தாமதத்துக்குக் காசு என்று வைத்துப் பார்த்தேன். ஆறேகாலுக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 100 ரூபாய். என்ன ஆயிற்று தெரியுமா? முன்பெல்லாம் தாமதமானால் தலையைக் குனிந்துகொண்டு, ஸாரி அக்கா என்று வருவார்கள். காசு வைத்த பிறகு அந்த ஸாரியும் போயிற்று. ஒருவர் மதியமே போனில் பணம் அனுப்பிவிட்டு, இன்று ஏழரை ஆகும் என்று மெசேஜ் போட்டார். பொருளாதாரம் படிக்கும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊரில் பத்துக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அதில் ஆறில் இதே மாதிரி அபராதம் போட்டுப் பார்த்தார்களாம், தாமதமாக வருபவர்கள் குறையாமல் கூடிவிட்டார்களாம், அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லையாம். 2000-ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வந்துவிட்டதம்மா, நீ கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனே என்றாள். இப்போது காசெல்லாம் கிடையாது. மாதத்தில் மூன்று முறை ஆறேகாலைத் தாண்டினால் அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இதைத்தான் கறார் என்கிறார்கள்.

தாமதத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். காய்ச்சலை மறைத்துக் கொண்டுவந்து விடுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. காலையில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், சிரித்துக்கொண்டே கைக்குத் தாவி வரும். வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் இனிப்பாக ஒரு வாசம், சட்டைக் காலரில் ரோஸ் கலரில் ஒரு சொட்டு. காய்ச்சல் மருந்து கொடுத்தீங்களாம்மா என்றால், "இல்லக்கா, நேத்து ராத்திரி லேசா சுட்ட மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்." பாராசிட்டமால் நாலு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஆறு மணி நேரம் தாங்கும். ஏழரைக்குக் கொடுத்தால் பன்னிரண்டு மணிக்கெல்லாம், நான் மற்றவர்களுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில், பிள்ளை அனலாய்க் கொதிக்கும். போன் அடித்தால் மீட்டிங்கில் இருக்கிறார்கள். நான் என்ன செய்ய? மருந்து கொடுக்கலாமா? காலையில் கொடுத்தது எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று தெரியாமல் அதன் மேல் இன்னொரு வேளை கொடுத்தால் பிள்ளையின் ஈரலுக்கு ஆபத்து. கொடுக்காமல் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் காய்ச்சலில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். எனக்கு ஒரு முறை வந்தது, அதாவது என் மடியில் ஒரு பிள்ளைக்கு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு நிமிஷம்கூட இருக்காது என்றார் டாக்டர். எனக்கு அது இரண்டு நிமிஷமாகத் தெரியவில்லை. அன்றைக்கும் காலையில் கேட்டிருந்தேன், மருந்து கொடுக்கவில்லை என்றுதான் சொன்னார்கள்.

பொய் சொன்னார்கள் என்று திட்டுவது சுலபம். அந்த மாதம் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு லீவு ஒன்றுகூட மிச்சமில்லை, அதுவும் எனக்குத் தெரியும். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் விடுப்பு கொடுத்தபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். என்னிடம் பிள்ளையை விடும் ஆறு பெண்களில் ஐந்து பேர் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒருத்திகூட ஒரு முறைகூட நடுவில் வந்து பார்த்ததில்லை. அங்கன்வாடியில் கைக்குழந்தைக்குச் சத்துமாவு வாங்கி வரலாம், குழந்தையை மாலை வரைக்கும் விட்டுவிட்டு வர முடியாது. ஆக கம்பெனி செய்ய வேண்டியது, அரசாங்கம் செய்ய வேண்டியது எல்லாம் பெரியம்மா வீட்டு ஹாலில் வந்து இறங்குகிறது, பாயைப் போட்டு நான் படுக்க வைக்கிறேன்.

இன்னொன்று. ஆறு பிள்ளைகளுக்கும் அப்பா இருக்கிறார். போன மாதம் வரைக்கும் என் போனில் அவசரத்துக்கு என்று இருந்த ஆறு நம்பரும் அம்மாக்களுடையது. அப்பா நம்பர் கேட்டால், "அவர் பிசியா இருப்பாருக்கா".

போன மாதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் டைப் அடித்து ஆறு பேரிடமும் கையெழுத்துக் கேட்டேன். நேரம், மாதக் கட்டணத்தில் கழிவு கிடையாது, இரவு எட்டுக்கு மேல் மெசேஜுக்குப் பதில் கிடையாது, மதியம் ஒரு போட்டோ வரும், மணிக்கொரு போட்டோ வராது, காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகுதான் பிள்ளை வரலாம், அப்பா நம்பர் கட்டாயம். தாளை நீட்டும்போது எனக்குக் கை நடுங்கியது. ஒரு வீட்டில், "என்னக்கா, மூணாம் மனுஷங்க மாதிரி பேப்பரெல்லாம்" என்று முகம் சுருங்கி, மாதக் கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பையனை ஏழாவது மாதத்திலிருந்து வளர்த்தேன். அவன் தட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அவன் இடத்துக்கு இப்போது ஒன்பது மாதக்காரன் வந்திருக்கிறான்.

மற்ற ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். செருப்பை மாற்றிப் போடுகிறவளுடைய அப்பா இப்போது செவ்வாய், வியாழன் அவரே வருகிறார். முதல் நாள் அவருக்கு எங்கள் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஆறு வீட்டில் நாலு வீட்டுக்கு உங்கள் பேப்பர்தான் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
மேடவாக்கம், சென்னை.