மேலையூர் புத்த விகாரைக்கு வழிகாட்டிப் பலகையும் பாதையும் கோரும் மனு

அனுப்புநர்:
பணி நிறைவு பெற்ற வரலாற்று ஆசிரியரும் ஊர்ப் பொதுமக்களும்,
மேலையூர், சீர்காழி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மயிலாடுதுறை.

பொருள்: பூம்புகாரை அடுத்த பல்லவனேச்சுரம் புத்த விகாரையைச் சுற்றுலாப் பயணிகள் எளிதில் கண்டடைய வசதி செய்து தருமாறு வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற பங்குனியில் ஒரு பிற்பகல், இலங்கையிலிருந்து வந்த வயதான பிக்கு ஒருவரும் அவருடன் இருவரும் எங்கள் ஊர் டீக்கடையில் வந்து நின்றார்கள். காலையில் கடற்கரையில் "புத்தர் கோயில்" எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் காதில் அது "புதன் கோயில்" என்று விழுந்ததால், நல்லெண்ணத்தோடு திருவெண்காட்டுக்கு வழி சொல்லிவிட்டார். நவக்கிரகத் தலமாகிய அங்கே போய் விசாரித்து, வெயிலில் திரும்பி வந்திருந்தார்கள். நானே அழைத்துச் சென்று காட்டினேன். செங்கல் அடித்தளம் கண்ணில் பட்டதுமே பிக்கு செருப்பைக் கழற்றிவிட்டார். சுவரின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தரையிலேயே அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்று இரவே இந்த மனுவை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காவிரிப்பூம்பட்டினத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டதாகப் படிக்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். ஆனால் கரையில் எஞ்சியது என்ன என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று இந்த விகாரை. 1960-களில் நடந்த அகழாய்வில் வரிசையாகச் சதுர அறைகளும் அவற்றுக்கு முன்னால் பொதுத் தாழ்வாரமும் வெளிப்பட்டன. கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கருத்து. மங்கலச் சின்னங்கள் பொறித்த புத்த பாதக் கல்லும், அமர்ந்த நிலையில் சிறிய செப்புப் புத்தர் திருமேனியும் இங்கே கிடைத்தன. கோவலனும் கண்ணகியும் ஊரை விட்டுப் புறப்பட்டபோது ஏழு இந்திர விகாரங்களைக் கடந்து சென்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மணிமேகலைக்குப் பௌத்தத் துறவியான அறவண அடிகள் முதலில் வழிகாட்டியதும் இந்தப் புகாரில்தான். பாலி மொழியில் அபிதம்மாவதாரம் என்னும் பௌத்த நூலை எழுதிய புத்ததத்தர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கியிருந்த சோழ நாட்டவர். அந்தப் பிக்குவுக்கு அவர் பெயர் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் காவிரி சங்கமத்தில் நீராட ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். போகும் வழியிலேயே விகாரை இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதன் அருகில் பாடல் பெற்ற தலமாகிய பல்லவனேச்சுரம் சிவன் கோயில் இருக்கிறது. பட்டினத்தார் விழா நடக்கும் கோயில் அது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. படகுகளைக் கட்ட நட்டிருந்த மரத்தூண்களின் அடிப்பகுதியும் அங்கே கிடைத்தது. வணிகக் கப்பல் வந்த துறை, துறவிகள் தங்கிய விகாரை, சிவன் கோயில், கடல் என எல்லாவற்றையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். தெற்கே சென்றால் தரங்கம்பாடியில் 1620-இல் எழுந்த டேனியக் கோட்டையும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர் ஒரு நாள் முழுவதும் தங்கிப் பார்க்க இவ்வளவு இருந்தும் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. அகழாய்வு இடத்தில் எதைச் செய்வதானாலும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதை அறிவோம். புதுக் கட்டடம் எதுவும் அங்கே எழ வேண்டாம் என்பதே எங்கள் விருப்பமும். கடற்கரையிலும் பிரதான சாலைத் திருப்பத்திலும் தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மொழிகளில் வழிகாட்டிப் பலகைகள் வைக்க வேண்டும். முதியவர்கள் மழைக்காலத்திலும் சேற்றில் கால் வைக்காமல் நடந்து வர ஒரு பாதை வேண்டும். மயிலாடுதுறையிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் வரும் பஸ்களில் நடத்துநர்கள் "புத்த விகாரை" என்று சொல்லி இறக்கிவிட்டால், அதுவே பாதி வேலையை முடித்துவிடும். புத்த பாதக் கல்லின் நகல் ஒன்றைத் துறையின் ஒப்புதலோடு, உரிய விளக்கத்துடன் பார்வைக்கு வைத்தால் வருகிறவர்கள் வெறும் செங்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார்கள். எல்லாவற்றிலும் முதலில் வேண்டுவது பலகைகள்தான். மற்றவற்றுக்குக் காத்திருக்கிறோம்.

விடுமுறை நாட்களில் வருகிறவர்களுக்கு இடத்தை விளக்கிச் சொல்ல என்னிடம் படித்த மாணவர்கள் சிலர் ஊதியமில்லாமல் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அடையாள அட்டையும் ஒருநாள் பயிற்சியும் அளிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். தாங்களோ தங்கள் அலுவலர்களோ நேரில் பார்வையிட வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், பலகை நட வேண்டிய இடங்களை நாங்கள் உடன் வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலையூர்ப் பொதுமக்கள் சார்பில்,
பணி நிறைவு பெற்ற வரலாற்று ஆசிரியர்.

இணைப்பு: இடத்தின் வரைபடம், பொதுமக்கள் கையொப்பத் தாள்கள்.